பங்கு வைத்த குளிசைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் தொற்றுநோயியல் படித்துக்கொண்டிருந்தேன். மக்கள் மருந்தை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டுவரக் கிழக்கிலங்கையின் கல்முனைக்கு அனுப்பினார்கள். கடற்கரைப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு வீடுகள் நெருங்கி நின்ற குறுகலான ஒழுங்கை ஒன்றில் ஓர் உம்மாவைச் சந்தித்தேன். வெள்ளை முக்காடு, வெற்றிலையில் சிவந்த உதடு. மீனோ மாங்காயோ, வீட்டுக்கு எது வந்தாலும் அயலுக்குப் பங்கு வைத்த பிறகுதான் அவர் தொடுவார்.

"காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில தந்த கிருமி கொல்லுற குளிசையை முழுக்கப் போட்டீங்களா உம்மா?"

"ஓம் மகன், முடிஞ்சிட்டு. ஒழுங்கையில இருமுறவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு குடுத்தன். நாம மட்டும் எப்பிடித் தின்னுற?"

அரைகுறையாகப் போட்டால் கிருமி சாகாது, பிறகு அந்த மருந்துக்கு அடங்காது, போடுகிறவர் முழுதாகப் போட வேண்டும் என்று நெடுநேரம் விளக்கினேன்.

"அது சரிதான்" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது ஆஸ்பத்திரி வரிசையில் அந்த ஒழுங்கையே நின்றது. முன்னால் உம்மா.

"இனி எல்லாருக்கும் முழுசாக் கிடைக்கும் மகன்."

அவர் சொல்லிக்கொடுத்த காய்ச்சலையே எல்லோரும் சொன்னார்கள். ஒழுங்கையில் தொற்றுப் பரவுகிறது என்று முடிவுசெய்த ஆஸ்பத்திரி, விசாரித்துவர ஆள் அனுப்பியது. இடம் தெரிந்தவன் என்று என்னைத்தான் அனுப்பினார்கள்.

உம்மா தன் பங்கிலிருந்து எனக்கும் இரண்டு குளிசை எடுத்துவைத்திருந்தார்.