பூஜையன்று நான் கழற்றிய டிஸ்க்

நான்தான் கழற்றினேன். வேறு யாரும் அந்த அறைக்குள் வரவில்லை. விளக்கு துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் கழற்றினேன். கேட்டபோது, கழற்றவே இல்லை என்றேன்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் நல்ல செய்தியைக்கூட நான் முகம் பார்த்துச் சொன்னதில்லை.

அல்சூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் அட்டெண்டர். நோயாளிகளை அழைத்துவந்து உட்காரவைப்பது, கதவு திறப்பது, டீ வாங்கி வருவது... இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே ஃபிலிம் கொடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. படங்களெல்லாம் சர்வரில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு மாலையும் அவற்றின் நகல் ஒரு டிஸ்க்கில் ஏறும். ஏறி முடிந்ததும் அதைக் கழற்றித் துணியில் சுற்றி, என் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். மறுநாள் கொண்டுவந்து மாட்டுவேன். சென்டரே தீப்பிடித்தாலும் நகல் பிழைத்திருக்க வேண்டும் அல்லவா?

கம்ப்யூட்டர் வேலை பார்க்க வரும் முரளி சார் எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்.

"அண்ணா, இந்த லைட்டு துடிக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க. நின்னப்புறம் எடுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான்! ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு அதுகூடவா புரியாது?

அப்போதிருந்த சாஃப்ட்வேர் தினமும் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து நகலெடுக்கும். படங்கள் பெருகப் பெருக, மறுநாள் நோயாளிகள் வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. முரளி சார் ஒன்றைக் கொண்டுவந்தார். சென்டரின் முதலாளியான டாக்டர் மேடத்துக்குத் தெரிந்த ஒரு கம்பெனிக்காரர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். கொஞ்ச நாள் இரண்டும் ஓடட்டும், நல்லதை வைத்துக்கொள்வோம் என்றார் மேடம். ஆளுக்கொரு டிஸ்க் மாட்டினார்கள். முடிவாகும்வரை இரண்டும் அங்கேயே இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றார்கள்.

டீ கொடுக்கப் போன என்னையும் நிறுத்தி முரளி சார் விளக்கினார். "முதல் நாள் மட்டும் முழு நகல்ணா. அப்புறம் அன்னன்னைக்கு மாறினது மட்டும். இன்க்ரிமென்டல்னு பேரு. அதான் டக்குனு முடியுது. ஆனா ஒண்ணு, நேத்து எடுத்த துண்டு கெட்டா இன்னிக்கு எடுத்தது நிக்காது."

செபமாலை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். நூல் ஓரிடத்தில் அறுந்தால் போதும்...

பார்த்தீர்களா, எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒளிந்துகொள்ள எனக்கு இடமில்லை.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. நான் கிறிஸ்தவன். ஆனாலும் எங்கள் சென்டரில் மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் வேலைதான். எனக்கு அது பிடிக்கவும் செய்யும். அந்த ஒரு நாள்தான் என் கைவேலையை எல்லோரும் நின்று பார்ப்பார்கள்.

மதியத்தோடு மூடப்போவதால், முரளி சார் நகலை முன்கூட்டியே ஓடவிட்டுப் போயிருந்தார். ரிசப்ஷனில் இருக்கும் மஞ்சுளா பூ கட்டிக்கொண்டே, கன்னடம் கலந்து என்னைச் சீண்டினாள்.

"ஏனு அந்தோணியண்ணா, எங்க சாமிக்கு இவ்ளோ அலங்காரம் பண்றீங்களே, உங்க சாமி கோவிச்சுக்க மாட்டாரா?"

"அவருக்கு இங்க என்னம்மா மெஷினா இருக்கு?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

உள்ளேயிருந்து மேடத்தின் குரல் வந்தது. "அந்தோணி, பூசாரி அடுத்த கடைக்குப் போகணுமாம்! சர்வர் ரூம் ஆச்சா இல்லையா?"

ஓடினேன். இரண்டு டிஸ்க்கும் சுவரோரம் தூசி அப்பிக் கிடந்தன. விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன. தூசியின் மேலேயா பொட்டு வைப்பது? நாலு பேர் பார்ப்பார்களே! இரண்டையும் பிடுங்கினேன், துடைத்தேன், பொட்டு வைத்தேன், திரும்பச் செருகினேன். விளக்குகள் மறுபடி துடித்தன. எனக்கு நிம்மதி. வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள்.

விடுமுறை முடிந்து வந்தால், முரளி சாருடைய சாஃப்ட்வேர் திரை முழுக்கச் சிவப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"என்ன முரளி, உங்களது இப்பவே அழ ஆரம்பிச்சிடுச்சு?" என்றார் மேடம். "அதைப் பாருங்க, சமத்தா பச்சை காட்டுது."

"நடுவுல டிஸ்க் போயிட்டு வந்திருக்குன்னு சொல்லுது மேடம்." அவர் என் பக்கம் திரும்பினார். "பொட்டு வெச்சிருக்கே, கழட்டினீங்களாண்ணா?"

"மாட்டினபடியே வெச்சேன் சார். கழட்டல."

அவர் நம்பினார்! ஒரு கேள்விகூட மேலே கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்...

இரண்டையும் ஒரே கையால்தான் பிடுங்கினேன். ஒன்று நடந்ததைச் சொன்னது. மற்றது ஒன்றுமே நடக்காததுபோல் பச்சை காட்டியது. இரண்டையும் பிடுங்கினேன் என்று நான் வாய் திறந்திருந்தால், எது பொய் சொல்கிறது என்று முரளி சார் அந்த இடத்திலேயே கண்டுபிடித்திருப்பார். நான் திறக்கவில்லை. பச்சை காட்டியதையே வாங்கினார்கள். முரளி சார் வருவது நின்றுபோனது.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். சர்வர் ஓடும்வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

பூஜையன்று காலை கடைசியாக ஸ்கேன் எடுத்துக்கொண்டது ரோஸி அக்கா. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர், எங்கள் தெருக்காரர். நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், கொஞ்ச காலம் கழித்து மறுபடி எடுத்து, பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வளர்கிறதா என்று தெரியும் என்று மேடம் சொல்லியனுப்பினார்.

போன வாரம் சர்வர் படுத்துவிட்டது. ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். புதிய சர்வர் வந்தது. என் பையில் போய் வந்த அந்த டிஸ்க்கிலிருந்துதான் எல்லாவற்றையும் அதில் இறக்கினார்கள். நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக வந்துவிட்டன. "எல்லாம் பச்சை மேடம்," என்றார் கம்பெனிக்காரர். மேடம் ஏதோ ஒரு பழைய படத்தைத் திறந்து பார்த்தார். திறந்தது. அது பூஜைக்கு முந்தைய படம். என்னைத் தவிர யாருக்கு அது உறைக்கும்?

"அந்தோணி, பழைய சர்வரைக் கீழ கொண்டுபோய் ஆட்டோல ஏத்திடுப்பா. கம்பெனிக்காரங்க அழிச்சிட்டு எடுத்துக்குவாங்க."

இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். ரோஸி அக்காவின் படம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஒருவேளை அதில் மட்டும்தான் இருந்தது. சொல், இப்போதே சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திருப்பத்தில் நின்றுவிட்டேன்.

மேலேயிருந்து மேடம் எட்டிப்பார்த்தார். "என்னப்பா, ரொம்ப கனமா?"

"இல்ல மேடம்."

ஆட்டோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எந்தப் பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாகச் செபம் கொடுத்தார், சொன்னேன். அது மன்னிப்பா? பெயர் சொல்லாத பாவத்துக்கு என்ன மன்னிப்பு?

வெளியே வந்தால் ரோஸி அக்கா நிற்கிறார். முன்பைவிட மெலிந்திருந்தார்.

"புதன்கிழமை வரேன் அந்தோணி. அந்தப் பழைய படத்த எடுத்து வெக்கச் சொல்லுப்பா."

"சரிக்கா."

"வேற எடத்துக்குப் போலாம்னான் எம் மவன். நான்தான் மாட்டேன்னுட்டேன். நம்ம புள்ள இருக்கிற எடம், எல்லாம் பத்திரமா இருக்கும்னேன்."

நான் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்!

ஒருவேளை படம் நல்லபடியாகவே இருக்கலாம். பிடுங்கும் முன்பே அது ஏறி முடிந்திருக்கலாம். இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், வாய் உலரும்வரை. கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்க எனக்குத் தெரியாது. யாரையாவது பார்க்கச் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள்...

இன்று செவ்வாய். இன்று முழுவதும் மேடத்தின் அறை வாசலில் போய்ப் போய் நின்றேன். "என்ன அந்தோணி?" என்றார். டீ வேணுமா மேடம் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நாளைக் காலை முதல் ஆள் ரோஸி அக்கா. கதவைத் திறந்து, கையைப் பிடித்து அவரை உள்ளே அழைத்துப்போவது என் வேலை.