எழுத்துக்குள் இருந்த புள்ளிகள்

பழைய கால்பந்து அட்டை ஒன்றின் மேல் குனிந்திருந்த இரண்டு தலைகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. ஒன்று என் கணவருடையது, மற்றது டீச்சருடையது. நகரத்தில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய விளையாட்டு அட்டைகளை விற்பவர்களும் வாங்குபவர்களும் கூடுவார்கள். ஒரு காலத்தில் சுவிங்கத்தோடு வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள். எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து கணவரோடு ரயிலில் போய், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்தபடி நான் உட்கார்ந்திருப்பேன்.

டீச்சர் செந்தூலிலிருந்து வரும் பெண்மணி. பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுத்தார், எங்கள் வயதுதான். போலி அட்டையைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை. அவரைக் கேட்காமல் என் கணவர் எதையும் வாங்கமாட்டார். அவர்களுக்குள் தவறாக எதுவுமில்லை என்பது எனக்கு அன்றே தெரியும். ஆனால் இருபது வருடக் குடித்தனத்தில், என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று கணவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் நானும் கற்றுக்கொண்டேன். கணவர் வேலைக்குப் போனபின் அவருடைய லென்ஸை எடுத்து, நல்ல அட்டைகளையும் அவர் ஏமாந்து வாங்கிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பழைய அச்சில் படம் மட்டும்தான் புள்ளி புள்ளியாக இருக்கும். பெயர் எழுத்து ஒரே கறுப்பாக நிற்கும். போலியில் அசல் அட்டையை அப்படியே நகலெடுத்து அச்சிடுவதால் எழுத்துக்குள்ளும் புள்ளிகள் வந்துவிடும். சில மாதங்களில் எனக்கு அது பழகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு, டீச்சர் பல வருடங்களாகத் தேடிய அட்டை கிடைத்தது. அவருடைய வரிசையில் அந்த ஒரு கோல்கீப்பர்தான் குறை. கிடைத்த சந்தோஷத்தில் அவர் படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தபடி அட்டையையும் லென்ஸையும் என்னிடம் நீட்டி, “நீங்களும் பாருங்க லா, ஓக்கேவா?” என்றார். பெயரின் மேல் லென்ஸை வைத்தேன். எழுத்துக்குள் புள்ளிகள்.

“அழகா இருக்கு டீச்சர்” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வேறொருவர் எல்லோர் முன்னாலும் அதைப் போலி என்று காட்டினார். “நீங்களே ஏமாந்துட்டீங்களா டீச்சர்?” என்று யாரோ கேட்க, டீச்சரும் சேர்ந்து சிரித்தார். படியிறங்கும்போது என் கையைப் பிடித்தார்.

“அன்னிக்கு லென்ஸ் எழுத்து மேலயே நின்னுச்சு. நீங்க பாத்துட்டீங்கதானே?”

“எனக்கு இதெல்லாம் என்ன டீச்சர் தெரியும்?”

டீச்சர் என் கையை விட்டார். அதற்குப் பிறகு அவர் அங்கே வரவேயில்லை.

இப்போது கணவர் பக்கத்தில் நான்தான் உட்காருகிறேன். என்னைக் கேட்டுத்தான் வாங்குகிறார். இதுவரை நான் தவறியதில்லை. போன மாதம் ஓர் அட்டையைப் பார்த்துப் போலி என்றேன். கணவர் அதைக் கீழே வைக்க மனமில்லாமல், “டீச்சர் இருந்தா ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்” என்றார். டீச்சர் ஏன் வருவதில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமைதான்.