ஓடெல் நார்சீஸின் இடது கை

பத்தொன்பதாவது வயதில் ஓடெல் நார்சீஸை சர்ச்சிலிருந்து வெளியே அனுப்பியது அவருடைய இடது கைதான். காணிக்கைத் தட்டு சுற்றி வரும்போது பியானோவில் பாமாலை வாசித்துக்கொண்டிருந்தார். வலது கை ஒழுங்காகப் பாட்டோடு போனது. இடது கை மட்டும், கிளப் ஆட்டத் தாளத்தில், மேடு பள்ளத்தில் வண்டிச் சக்கரம் போல, உருள ஆரம்பித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாளுக்குத் தோள் ஆடியது. சபைப் பொறுப்பில் புதிதாக டீக்கன் ஆகியிருந்த கெய்ன்ஸ் எழுந்து வந்தார். பியானோ மூடியைச் சாத்தினார். விரலை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தார். அந்த மட்டுக்கும் கருணை.

ஓடெல் அதற்குப் பிறகு அந்தத் தெருவையே விட்டு வேறு வழியாகத்தான் சுற்றிப் போவார்.

பகலில் துறைமுகத்தில் வாழைத்தார் இறக்கும் வேலை. சாயங்காலமானால் ராம்பார்ட் தெரு கிளப்புகளில் பியானோ. நியூ ஆர்லியன்ஸில் வந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் இசைத்தட்டுகளில் பத்துப் பன்னிரண்டிலாவது வாசித்திருப்பார். தட்டில் பாடுகிறவன் பெயர் இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், ஓடெல் பெயர் மட்டும் இருக்காது. அதில் ஒரு பாட்டு ஊரெல்லாம் ஓடியது. துறைமுக மேஸ்திரியின் ரேடியோவில் அது வரும்போது ஓடெல் தாரோடு ஒரு நிமிஷம் நின்றார்.

"நார்சீஸ், பாட்டு கேக்கவா சம்பளம்? நடய்யா" என்றார் மேஸ்திரி.

ஓடெல் நடந்தார்.

முப்பத்தாறு வருஷம் இப்படிப் போனது. பிறகு ஹூஸ்டனில் இருக்கும் மகள் சார்மெய்னுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. டெல்ஃபீன் என்று பெயர். அதற்கு முன்னால் உலகத்தில் யாருக்கும் பேத்தியே பிறந்ததில்லை என்பதுபோல ஓடெல் நடந்துகொண்டார். குழந்தையின் கை விரலை அளந்து பார்த்துவிட்டு, "பியானோவுல எட்டு கட்டை எட்டும்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். குழந்தைக்கு வயது பதினொரு நாள்.

சார்மெய்ன் போன் செய்தாள். "அப்பா, பிள்ளைய உங்கம்மா போன சர்ச்சிலதான் பிரதிஷ்டை பண்ணப் போறோம். பாஸ்டர்கிட்ட பேசிட்டேன். நீங்கதான் வாசிக்கணும்."

"அந்த கெய்ன்ஸ் இன்னும் இருக்கானா?"

"இருக்கார். அதான் சொல்றேன். சர்ச்சுல வாசிக்கிற மாதிரி வாசிங்கப்பா. என்னைத் தலைகுனிய வச்சிராதீங்க."

பேத்தியை ஆண்டவர் முன்னால் தூக்கி நிறுத்தும்போது தன் பியானோதான் ஒலிக்க வேண்டும். ஓடெலுக்கு அது ஒன்றே ஆசை. அதற்காக இடது கையை அடக்க உட்கார்ந்தார். கால் தாளம் போடாமலிருக்க ஷூவைக் கழற்றினார். மணிக்கட்டில் ஒரு பை அரிசியைக் கட்டிப் பார்த்தார். ஆறு வாரம் ஒரே பாமாலை.

மனைவி வெர்லி கத்தோலிக்கக்காரி. இவர் சர்ச் நடப்பு அவளுக்குத் தெரியாது. "பீன்ஸ் வேகுற சத்தத்துல கூட இதைவிட உயிர் இருக்கு" என்றாள்.

"கோயில்ல இப்படித்தான்டி வாசிக்கணும்."

"அப்ப எங்க ஆளுங்களே தேவலாம். நாங்களாச்சும் சீக்கிரம் முடிச்சிருவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடெல் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தார். இடது கை பள்ளிப் பிள்ளைபோல வரிசையில் நடந்தது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். விசிறிகள் ஆடின. டெல்ஃபீன் பாஸ்டர் கையிலேயே தூங்கிவிட்டாள். பாஸ்டர் சுருக்கமாக ஜெபம் செய்துவிட்டு, "நன்றி பிரதர். அடுத்த பாட்டுக்கு நம்ம லுக்ரீசியா வரட்டும்" என்றார்.

லுக்ரீசியா கெய்ன்ஸின் பேத்தி. உட்கார்ந்ததும் அவளுடைய இடது கை உருண்டது. மேடு, பள்ளம், சக்கரம். சர்ச் முழுக்க எழுந்து கைதட்டியது. முதலில் எழுந்தவர் டீக்கன் கெய்ன்ஸ்.

ஓடெல் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் வாசிப்பில் தன் பழைய இடது கையைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் பின்கூடத்துக்குக் கம்போக் குழம்பும் சோறும் சாப்பிடப் போனார்கள். வழியில் கெய்ன்ஸ் அவர் தோளைத் தட்டினார். "மனசுல வச்சுக்காதீங்க பிரதர். இப்பெல்லாம் ஜனங்க கொஞ்சம் உயிரோட்டமா எதிர்பாக்கறாங்க. உடம்பு ஏதும் சரியில்லையா, இடது கைக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடெல் பியானோ பக்கம் போனார். லுக்ரீசியா நோட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

"இதை எங்கம்மா கத்துக்கிட்ட?"

"தாத்தா வீட்டுல ஒரு பழைய ரெக்கார்டு இருக்குங்க சார். வாசிச்சவர் யாருன்னு தெரியல. மூணாவது வரி முடியிற இடத்துல என்னமோ பண்றார். அது மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது."

"நகரு, கண்ணு."

வலது கையில் பேத்தி. காலியாக இருந்தது இடது கைதான். அதைக் கட்டையில் வைத்து, ஆறு வாரமாகக் கட்டிப்போட்டிருந்ததை அவிழ்த்துவிட்டார். டெல்ஃபீன் கண் விழித்தாள். அழவில்லை. தாத்தாவின் விரல்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரி முடிவில் விரல் வழுக்கி விழுவதுபோல விழுந்து எழுந்தது. லுக்ரீசியாவின் வாய் திறந்தபடி நின்றது.

சாவிக்கொத்தோடு கெய்ன்ஸ் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"லுக்ரீசியா, கம்போ ஆறுது. அவருக்கு அப்புறமா சொல்லிக்கொடு. ஒரே நாள்ல வந்துருமா?"

"செவ்வாய்க்கிழமை வரேங்க டீக்கன்" என்றார் ஓடெல், கையை எடுக்காமலே.