நாக்கில் தொங்கும் குழாய்

கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றின் நுனியை வாயில் வைத்து, இரண்டு கன்னமும் குழி விழ உறிஞ்சுகிறார் லாரியக்கா. உறிஞ்சியதும் நாக்கு நுனியால் துளையை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடி அசையாமல் நிற்கிறார். குழாய் நாக்கைக் கவ்விக்கொண்டு தொங்கினால் அதன் மறுமுனையில் இருக்கும் பாகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கழன்று விழுந்தால் எங்கேயோ ஓட்டை. இதைச் சோதிக்கவென்றே கையடக்கமான பம்பு ஒன்று கடையில் கிடைக்கிறது என்று சொன்னேன். குழாய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததால் பதில் உடனே வரவில்லை. பிடுங்கி எடுத்துவிட்டு, ஓரமாகத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பம்பு வாங்கினா யாராவது இரவல் கேப்பாங்க. நாக்கை யாரு கேக்கப் போறாங்க?"

அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேர் கீழே முற்றம். அந்த முற்றத்தை அடைத்துக்கொண்டு அவருடைய லாரி. பெட்ரோலில் ஓடும் சின்ன வண்டி. என்னைவிட மூத்தது. வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் ஏற்றிச்சென்று இறக்குவது தொழில். ஓட்டுவது லாரியக்கா. பக்கத்தில் உட்கார்ந்து வந்து, சாமான் தூக்குவது அவருடைய வீட்டுக்காரர். இரும்பு பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றிவிடுவார், ஆனால் ஒரு முழு வாக்கியத்தைத் தூக்கி வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். "அவர் பேசவே மாட்டாரா?" என்று ஒருமுறை கேட்டேன். "பேசுவாரு. நான் எங்க விடுறேன்?" என்றார் லாரியக்கா.

லாரியக்கா ஐம்பதைத் தாண்டியவர். வீட்டுக்காரரின் பழைய சட்டையை முழங்கைவரை மடித்துப் போட்டிருப்பார். தலைமுடியைத் தூக்கிக் கட்டுவது, டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால். சாலையில் குறுக்கே வருகிறவனைத் திட்டமாட்டார். வண்டியை அவன் பக்கத்தில் நிறுத்தி, "உன் பொண்டாட்டி நம்பர் குடு, நீ பத்திரமா வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிடுறேன்" என்பார். எவ்வளவு பெரிய வீட்டுச் சாமானாக இருந்தாலும், ஏற்றி முடிப்பதற்குள் எந்தப் பொருளை அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காது என்று கண்டுபிடித்துவிடுவார். அதைக் கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குவார், வழியில் யாருக்காவது கொடுத்துவிட மனம் வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று.

இந்த வருடம் நடந்தது இது. ஒரு பிற்பகல், நெரிசலில் வண்டி வெகுநேரம் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார் என்று நினைத்திருக்கிறார் லாரியக்கா. தோளைத் தட்டினால் எழுந்திருக்கவில்லை. உலுக்கினால் தலை மட்டும் ஆடுகிறது. நடுச்சாலையில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, சுற்றி ஓடிப்போய் கதவைத் திறந்து, அந்தப் பெரிய உடம்பைத் தனி ஆளாக இழுத்து நடைபாதையில் கிடத்தினார். பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. நல்ல காற்றுப் பட்டுப் பட்டு, கடைசியில் அவருக்கு நினைவு வந்தது. எஞ்சின் புகை உள்ளே வந்திருக்கிறது என்றார் டாக்டர். ஓட்டுகிற பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருந்ததால் லாரியக்கா தலைவலியோடு தப்பினார்.

அன்று சாயங்காலமே எஞ்சின் மூடியைத் திறந்தார். எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு உறிஞ்சல் உண்டாகிறது. அந்த உறிஞ்சலைச் சின்னச் சின்னக் குழாய்கள் வழியாகக் கடன் வாங்கித்தான் புகையைக் குறைக்கும் பாகங்கள் வேலை செய்கின்றன. அந்தக் குழாய்களில் பதினொன்று பாதியில் அறுபட்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு போல்ட்டைத் திருகி அடைத்திருந்தது. எஞ்சினின் வயிற்றில் சேரும் புகையைத் திரும்ப இழுத்து எரிக்க வேண்டிய குழாயும் அதில் ஒன்று. வெளியேற வழி இல்லாத புகை, கிடைத்த சந்தில் நுழைந்து அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

அடைத்தவர் வேறு யாருமில்லை, லாரியக்காவின் சொந்தத் தம்பி. தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கிறார். இத்தனை வருடமாக இந்த வண்டியைப் பார்த்து வந்தது அவர்தான். ஏதாவது ஒரு பாகம் கெட்டால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயை அடைத்துவிடுவார். அக்கா கூப்பிட்டு அனுப்பியதும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எல்லாப் பட்டறையிலயும் இப்படித்தான்க்கா. அதெல்லாம் சும்மா சட்டத்துக்காக மாட்டி விட்டது. கழட்டிப் போட்டா வண்டி லேசா ஓடும்."

"ஆமாடா. உங்க மாமாவும் லேசாத்தான் போயிருப்பாரு."

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கிற குடும்பம் இல்லை அது. அந்த மாதமே புகைச் சோதனையிலும் வண்டி தோற்றது. இன்னொரு வாய்ப்புத்தான் உண்டு. அதிலும் தோற்றால் வண்டியின் பதிவு ரத்தாகி, அது உடைக்கும் இடத்துக்குப் போய்விடும். தம்பி மறுபடி வந்தார். "டெஸ்ட் எடுக்கிற எடத்துல எனக்கு ஆள் இருக்கு. வண்டி போகவே வேணாம், பாஸான சீட்டு வீட்டுக்கு வந்துடும். அது பிடிக்கலையா, வண்டியை உடைக்கக் குடுத்துடு. மாமா என் பட்டறையில இருக்கட்டும். நீ கல்லாவுல உக்காந்துக்கோ."

"உக்கார்றதுக்கு எனக்கு வண்டியில சீட்டு இருக்கு. ஆளும் வேணாம், சீட்டும் வேணாம். அதுல என்னென்ன இருந்துச்சோ அத்தனையும் மாட்டி, ஊர் பார்க்க ஓட்டிட்டுப் போய் நிறுத்துறேன்."

"இந்த வயசுலயா?"

"வண்டி வயசா, என் வயசா?"

எஞ்சின் மூடியின் உட்புறம் குழாய்ப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. எண்ணெயும் சூடும் தின்றதுபோக அதில் ஒரு அம்புக்குறி மட்டும் பாக்கி. அதனால் உடைக்கும் இடத்துக்குப் போய், இதே மாதிரியான வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதன் குழாய்களில் ஒவ்வொன்றின் இரண்டு நுனியிலும் ஒரே நிறத் துணிக் கிழிசலைக் கட்டினார். எது எங்கே கிளம்பி எங்கே சேருகிறது என்று மனதில் ஏறும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, வண்டிக்குக் கல்யாணமா?" என்றாராம் அந்த இடத்துக்காரர். "உன் வீட்டுல இருந்து பொண்ணு எடுக்கிறேன், அதான் பார்த்துக்கிட்டு இருக்கேன்." வெளியேறும் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வையும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவையும் அங்கேயே கழற்றி வாங்கி வந்தார். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழுவி, துணி காயப்போடும் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். என் சட்டைகள் சில நாள் கைப்பிடிச் சுவரில்தான் காய்ந்தன.

பிறகு மாட்டினார். மாட்டியதை எடுத்து, உறிஞ்சி, நாக்கில் தொங்கவிட்டுப் பார்த்து மறுபடி மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான குழாய் ஒன்றின் ஒரு நுனியைக் காதில் செருகி, மறுநுனியை அங்கே இங்கே நகர்த்தி எங்கே காற்று சீறுகிறது என்று கேட்டார். அப்போது யாராவது பேசினால் கையில் இருக்கும் எதுவும் பறந்து வரும். எனக்கு வந்தது ஒரு ஈரத் துணி.

சோதனைக்கு முந்தின நாள் வண்டி காலை வாரியது. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடுகிறது. சூடு ஏறியதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மறுநொடி, இருமி இருமி நின்றுவிடுகிறது. லாரியக்கா நேரே தெருவில் இறங்கி, பட்டறை வாசலில் நின்று, "நீ கை வெச்ச கார்புரேட்டர்டா அது! இன்னும் என்னடா அடைச்சு வெச்சிருக்கே?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். தம்பி உள்ளே போய்விட்டார்.

லாரியக்கா திரும்பி வந்து வீட்டுப் படியில் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் தோள்கள் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சினை எட்டிப் பார்த்தார்.

"சூடானாத்தானே நிக்குது," என்றார். "சூடானா எது தெறக்கும்?"

லாரியக்கா குடித்துக்கொண்டிருந்த தம்ளரை அவர் கையிலேயே திணித்துவிட்டு எழுந்தார். எஞ்சின் சூடானதும் திறப்பது, அந்தப் புகை வால்வுக்கு உறிஞ்சல் போகும் வழி. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் இருக்கவே கூடாது. வால்வின் பக்கத்து நுனியை உருவி விரலை வைத்தார். விரலைச் சுருக்கென்று இழுத்தது. அந்த உறிஞ்சல்தான் வால்வைத் திறந்து, புகையை உள்ளே விட்டு எஞ்சினைத் திணறடித்திருக்கிறது. பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரில், குழாய் மாட்டுவதற்குப் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு மூக்குகள். எதற்கு எது என்று குழம்பி இரண்டு குழாயையும் மாற்றி மாட்டியிருந்தார். மாட்டியது அவரேதான். சரியாக மாற்றிப் போட்டதும் எஞ்சின், தூங்கும் பூனையைப்போல ஒரே சீராக உறுமியது.

அவர் அதைக் கேட்டு மகிழ்ந்துகொண்டு நிற்கவில்லை. மறுபடி தெருவில் இறங்கினார். பட்டறையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "அந்தக் கோளாறு என்னுது. குழாயை மாத்திப் போட்டது நான்தான். உன்னைக் கத்தினது தப்பு. ஆனா பதினொண்ணை அடைச்சது நீதான். அது அப்படியேதான் இருக்கு."

மறுநாள் நானும் போனேன், பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் நின்றுகொண்டு. சோதனை நிலையத்து வரிசையில் எங்களுக்கு முன்பே தம்பி வந்து காத்திருந்தார். "தோத்துட்டா சொல்லு, ஆளை இப்பவே கூப்பிடுறேன்" என்றார் மெதுவாக. லாரியக்கா காதில் விழாதவரைப்போல வண்டியை உள்ளே ஏற்றினார்.

சோதனை செய்கிற இளைஞர், "ரொம்பப் பழைய வண்டியா இருக்கே" என்றார். "பழகின வண்டி" என்றார் இவர். புகைக்குழாயில் கம்பியைச் செருகினார்கள். திரையில் எண்கள் ஏறின, தயங்கின, இறங்கின. லாரியக்கா திரையைப் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர் தலையைச் சொறிந்தார். "இன்னொரு தடவை பார்த்துடுறேம்மா."

"பத்து தடவை பாருங்க. பெட்ரோல் என்னுது, நேரம் உங்களுது."

இரண்டாவது முறையும் எண்கள் அதே இடத்தில்தான் நின்றன. இளைஞர் முன்கண்ணாடியில் சான்றை ஒட்டி, விரலால் நீவிவிட்டார்.

தம்பி எஞ்சின் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குழாயைத் தொடப்போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். பிறகு மூடியைச் சாத்திவிட்டு, அக்காவுக்கு முன்னால் போய் ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தார். "சரிக்கா, ஜெயிச்சுட்டே. அலைஞ்சு களைச்சுப் போயிருக்கே. நான் ஓட்டிட்டு வரேன், நீ அந்தப் பக்கம் ஏறு."

லாரியக்கா அவர் கைக்குக் கீழே குனிந்து, உள்ளே ஏறி, கதவை இழுத்துச் சாத்தினார். அப்புறம் கியர்க் கம்பியை ஒரு பக்கம் தள்ளி, தனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே இருந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்து, தம்பியைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.