எனக்கு மட்டும் ஒரு சஹன்

கடைசிக் குளிசையை விழுங்கிய அன்று, இனி எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் காலையும் மாலையும் விழுங்கிய குளிசைகள். ஹெபடைடிஸ் சி என்று வாய்க்குள் நுழையாத பெயரோடு ஒரு வைரஸ் என் ஈரலில் எத்தனை வருடம் குடியிருந்ததோ தெரியாது. கண்டுபிடித்தபோது ஈரல் இறுகத் தொடங்கியிருந்தது. அதனால் எனக்குக் கூடுதல் காலம், கூடுதல் குளிசை. அதில் ஒரு குளிசை இரத்தத்தைக் குறைத்தது. சமைக்கிற குசினியிலிருந்து கிணற்றடிக்குப் போக இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். உடம்பெல்லாம் கடி, சொறிந்து மாளவில்லை. வாயில் எந்நேரமும் தகரத்தை நக்கியது போல ஒரு ருசி. இத்தனையையும் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது ஒரு பீங்கானைத்தான்.

பீங்கான் என்றால் எங்கள் ஏறாவூரில் சோறு தின்னும் தட்டு. வருத்தம், நோயைத்தான் சொல்கிறேன், தெரியவந்த கிழமையே மகள் எனக்கென்று தனியாக ஒரு பீங்கானும் ஒரு தேத்தண்ணிக் கப்பும் எடுத்து வைத்தாள். கப்பின் பிடியில் சிவப்பு நூல் கட்டினாள். மற்றக் கப்புகளோடு மாறிவிடக் கூடாதாம். அந்த நூலும் என் தையல் பெட்டியிலிருந்து எடுத்ததுதான். நான் வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுக்கிறவள். என் நூலாலேயே என்னைப் பிரித்து வைத்தாள்.

கொழும்பில் என்னைப் பார்த்த டொக்டர் சிங்களவர். எனக்காகத் தமிழைக் கூட்டிக் கூட்டிப் பேசினார்.

"அம்மா, சாப்பாடு பிரச்சினை இல்ல. ஒரே பிளேட், அதும் பிரச்சினை இல்ல. புள்ளைய கொஞ்சுறது பிரச்சினை இல்ல. ரத்தம் மட்டும்தான் பிரச்சினை."

பிளேடு, பல் தீட்டும் பிரஷ், நகவெட்டி, ஊசி, இப்படி இரத்தம் படக்கூடிய எதையும் மற்றவர்களோடு மாற்றிப் பாவிக்கக் கூடாது என்றார். பக்கத்தில் இருந்த மகளும் கேட்டாள், தலையையும் ஆட்டினாள். வீட்டுக்கு வந்து அந்தச் சிவப்பு நூலை இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

என் கூடப்பிறந்த ராத்தா அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். என்னைவிட நாலு வயது மூத்தவர். எனக்குக் கட்டளை போட இந்தத் துனியாவில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள். ஒவ்வொரு நாளும் என்னைப் பார்க்க வருவார், குறை சொல்ல முடியாது. ஆனால் கதிரையை வாசலோடு இழுத்துப் போட்டுத்தான் இருப்பார். என் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார். ஒரு நாள் அப்படி இருந்துகொண்டே கேட்டார்.

"கால் நகம் குத்துது. உன்ட நகவெட்டிய ஒருக்காத் தாவன்."

எனக்குச் சிரிப்பா வந்தது, ஆத்திரமா வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"ராத்தா, அதுதான் தொத்தும். பீங்கான் தொத்தாது. நீங்க எல்லாத்தையும் மாத்திப் புடிச்சிருக்கீங்க."

"உனக்கு எப்பவும் எடுத்தெறிஞ்ச கதைதான்" என்று எழும்பிப் போனார். நகவெட்டியை நான் துணியில் சுற்றி அலுமாரிக்குள் பூட்டினேன். அவரைக் காப்பாற்றியது நான். ஒதுக்கப்பட்டதும் நான்.

வருத்தம் எங்கிருந்து வந்தது என்று டொக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகளைப் பெற்றபோது ஏற்றிய இரத்தமாக இருக்கலாம், எப்போதோ பல் பிடுங்கியதாகவும் இருக்கலாம் என்றார். ஊருக்கு அப்படிச் சந்தேகம் ஒன்றும் இருக்கவில்லை. சவூதியில் வேலை செய்த என் மனிசன் கொண்டுவந்து தந்ததுதான் என்று தீர்மானித்துவிட்டது. அவர் மௌத்தாகி நாலு வருடம். எழும்பி வந்து பதில் சொல்ல மாட்டார் என்ற தைரியம் அது. அவருக்காகவும் நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது. ஒருத்திக்கே இரத்தம் போதாமல் கிடந்த நேரத்தில் இரண்டு பேருக்கான கோபத்தைச் சுமந்தேன்.

குளிசை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனையில்தான் வைரஸ் உண்மையில் போனதா என்று தெரியும். அந்த மூன்று மாதமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நடந்தேன். முதல் நாள் ஒழுங்கை முடியும் இடம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பள்ளிவாசல் வரைக்கும் போனேன். கடைசியில் ஆற்றங்கரை. புத்தகத்தில் அதை வாவி என்று எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறு. தோணியில் இறால் கொண்டு வருகிறவர்கள் கரையேறும் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்புவேன். "எழும்பிட்டீங்க போல" என்று ஒருவர் கேட்டார். "விழுந்தாத்தானே எழும்புறதுக்கு" என்றேன். பொய்தான். நன்றாகத்தான் விழுந்திருந்தேன். ஆனால் அதை ஊருக்கு ஒத்துக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரி மாட்டு ஈரலைப் பொரித்துக் கொண்டுவந்தாள். ஈரல் தின்றால் ஈரல் ஊறுமாம். நல்ல மனதோடுதான் தந்தாள். பீங்கானைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது மட்டும், "அது உங்களுக்கிட்டயே இரிக்கட்டும்" என்றாள். இப்படி மூன்று பீங்கான் என்னிடம் சேர்ந்தது.

மூன்று மாதம் கழித்து டொக்டர் கடுதாசியைப் பார்த்துச் சிரித்தார். "வைரஸ் இல்ல அம்மா. முடிஞ்சி." இறுகின ஈரலைப் பார்க்க மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்றார். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்தேன், கப்பில் இருந்த நூலை வெட்டினேன். அழுதது மகள்தான். "பயந்து போய்த்தான் செஞ்சன் உம்மா" என்றாள். அந்தக் கப்பிலேயே தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் குடித்தாள். அவளோடு கணக்கு அன்றைக்கே தீர்ந்தது.

ராத்தாவோடு தீரவில்லை. செய்தி சொல்லப் போனேன். அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கையையும் ஏந்தி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர், எனக்குத் தேத்தண்ணியைக் கடுதாசிக் கப்பில் கொண்டுவந்தார். குடித்ததும் எறிந்துவிடும் கப். நான் குடித்தேன். அந்த மாதக் கடைசியில் அவர் மகளின் கலியாணம்.

எங்கள் கலியாணங்களில் சாப்பாடு பீங்கானில் கிடையாது, சஹனில்தான். பெரிய வட்டத் தட்டில் புரியாணியைக் குவித்து, பொரித்த கோழியும் அச்சாறும் வைப்பார்கள். பாயில் வட்டமாக ஆறு பேர் இருந்து அந்த ஒரே தட்டில் தின்ன வேண்டும். ஆணுக்குத் தனி இடம், பெண்ணுக்குத் தனி இடம். நானும் ராத்தாவும் சொந்தத்தில் ஒரு கலியாணத்தையும் விட்டதில்லை, ஒரு சஹனையும் பிரிந்து தின்றதில்லை. ஆகவே இந்தக் கலியாணத்தில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: ராத்தா என்னோடு ஒரே சஹனில் கை வைப்பாரா, மாட்டாரா? டொக்டர் தந்த கடுதாசியைவிட எனக்கு அந்தக் கைதான் தேவைப்பட்டது.

கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குப் பாய் விரித்ததும் ராத்தா என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனார். அங்கே புதுப் பாய் விரித்திருந்தது. நடுவில் ஒரு முழுச் சஹன். ஆறு பேருக்கான சோறு, ஆறு துண்டுக் கோழி, பக்கத்தில் வட்டிலப்பம். பாயில் ஒருவரும் இல்லை.

"வருத்தத்தால எழும்பின புள்ள. நெருக்குப்படாம தனியா இரிந்து வசதியாத் தின்னு" என்றார்.

இப்படி ஒரு மரியாதையை உலகத்தில் வேறு எங்காவது யாராவது யாருக்காவது செய்திருப்பார்களா தெரியாது. ஆறு பேர் தின்னும் சஹனை ஒருத்திக்கு முன்னால் வைத்து, அதைக் கண்ணியம் என்று அவரே நம்பியும் இருந்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது.

"நான் வெளியில இரிந்து தின்றன் ராத்தா."

"மாப்பிள பக்கத்து ஆக்கள் இரிக்காங்கடி. ஒரு கத கிளம்பினா என்ட புள்ளட வாழ்க்க."

"வருத்தம் இல்ல எண்டு கடுதாசி இரிக்கி. உங்களுக்கு வாசிச்சும் காட்டின."

"ஓம் ஓம்" என்றார், டொக்டருக்குத் தலையாட்டிய என் மகளைப் போலவே.

நான் குனிந்து சஹனைத் தூக்கினேன். ஆறு பேரின் சோறு லேசான பாரம் இல்லை. குளிசை தொடங்கியதிலிருந்து ஒரு குடத்தைத் தூக்காத கை என்னுடையது. சோறு ஓரத்தால் சிந்தியது. மகள் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகக் கொண்டுபோய், பெண்கள் தின்றுகொண்டிருந்த மண்டபத்தின் நடுவில் வைத்தோம். பேச்சு நின்றது. நான் பாயில் இருந்தேன், மகளும் இருந்தாள். நாலு இடம் காலியாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமி, அவருடைய வாப்பாவின் தங்கை, உள்ளே வந்தார். ஓட்டமாவடியிலிருந்து வந்தவர், வாகனம் பிந்திவிட்டதாம். கூட இரண்டு பெண்கள். மற்றச் சஹன் எல்லாம் நிறைந்திருந்தது. நேராக எங்களிடம் வந்தார். ராத்தாவின் முகத்தைப் பார்த்தேன், சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஒளித்துத் தின்ன எனக்கு விருப்பமில்லை. ஆகவே நானே சொன்னேன்.

"பாயில இரிக்க முந்திக் கேளுங்க. எனக்கு ஈரல்ல ஒரு வருத்தம் இரிந்த. மருந்து முடிச்சி, இப்ப சுகம். இரிந்த நேரமும் ஒண்டாத் தின்னா அது தொத்தாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டொக்டரா சொன்ன?"

"ஓம்."

"அப்ப தள்ளி இரிங்க. காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல."

கையைக் கழுவிக்கொண்டு வந்து மூன்று பேரும் இருந்தார்கள். கோழியைப் பிய்த்தபடி அவர் வாகனக்காரனை ஏசத் தொடங்கினார். மண்டபத்தில் பேச்சு திரும்பி வந்தது. மகளின் வாழ்க்கைக்கு வரப்போகிறது என்று ராத்தா பயந்த அழிவு அவ்வளவுதான். இனி அவருக்குச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை. ஒரு இடம்தான் மிச்சம்.

"ராத்தா, இரிங்க."

"நான் பிறகு தின்றன்."

"பிறகு இல்ல. இப்ப."

அவர் என் காதோடு குனிந்தார். "எனக்குப் பயமா இரிக்கிடி. டொக்டர் சொன்னது விளங்குது. ஆனா கை வருகுதில்ல."

இத்தனை மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் உண்மை அது. என் மனம் இளகியது என்று சொல்ல ஆசைதான், ஆனால் இளகவில்லை. அவருடைய பயம் போகட்டும் என்று நான் எத்தனை மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இன்னும் இருக்க என்னால் முடியாது.

"பயம் போகத் தேவையில்ல" என்றேன். "பயத்தோடயே தின்னுங்க."

ராத்தா கையைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். பிஸ்மி சொன்னார். சஹனில் அவரவர் முன்னால் இருக்கும் சோற்றைத்தான் தின்ன வேண்டும். தன் பக்கத்து ஓரத்தில் ஒரு சின்னப் பிடி எடுத்து வாயில் வைத்தார், மென்றுகொண்டே இருந்தார். நான் முகத்தைத் திருப்பி அவருக்கு வசதி செய்து கொடுக்கவில்லை. விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விழுங்கினார். பிறகு என்னை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, என் பக்கத்துச் சோற்றில் ஒரு பிடி அள்ளினார்.