அடுப்படியில் இருந்த பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்கான என் சித்தப்பா, இலவச வீடியோக்களைப் பார்த்தே கம்ப்யூட்டரில் இசையமைக்கக் கற்றுக்கொண்டார். மென்பொருளும் இலவசப் பதிப்புதான். அதில் எல்லாம் செய்யலாம், சேமிக்க மட்டும் முடியாது. மூடினால் அத்தனையும் போய்விடும். காசு கொடுத்து வாங்கித் தொலைக்கச் சொன்னால், "எதுக்குப்பா? அதான் உங்க சித்தி இருக்காளே" என்பார் அந்த மகா கஞ்சன்.

அவருக்குத் தாளம் நினைவில் நிற்கும், மெட்டு நிற்காது. தினமும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் ஸ்பீக்கரைக் குறைப்பார். அடுப்படியிலிருந்து சித்தி முந்தின நாள் மெட்டை முனகுவாள். அதைக் கேட்டு மறுபடியும் முதலிலிருந்து கட்டுவார்.

"அங்க இவ்வளவு அவசரப்படலீங்க. நேத்து கொஞ்சம் நின்னு போச்சு" என்று திருத்தவும் செய்வாள். அப்படியே ஒரே பாட்டு வருடக்கணக்கில் வளர்ந்தது.

போன மாதம் சித்தி மாரடைப்பில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பியதும், மகள் அவருக்கு முழுப் பதிப்பை வாங்கிப் போட்டுக் கொடுத்தாள்.

"இனிமே எதுவும் அழியாதுப்பா. அந்தப் பாட்டைப் போடுங்க, சேவ் பண்ணிடலாம்."

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரைக் குறைத்தார். அடுப்படிப் பக்கம் காதைத் திருப்பினார்.