ஐந்து மிசின் ஓடிய வீதி

சூடான இஸ்திரிப் பெட்டி ஈரத்துணியைத் தொட்டதும் எழும் ஆவியில் பருத்தியின் மணமும் மிசின் எண்ணெயின் வாடையும் கலந்திருக்கும். அதைச் சுவாசித்துக்கொண்டுதான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அம்மா, மோட்டாரில் ஓடும் ஐந்து "பவர் டேபிள்" தையல் மிசின்கள் போட்டிருந்தார். ஒரு பெரிய பனியன் கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணிகளை அப்பா ஸ்கூட்டரில் மூட்டையாகக் கொண்டுவந்து போட, வீதிப் பெண்கள் ஐவர் அவற்றைக் குழந்தைச் சட்டைகளாகத் தைப்பார்கள். பிசிறு வெட்டி, தேய்த்து, மடித்து அனுப்புவது அம்மாவின் வேலை.

ஐவரில் ஒருவரான ஆரோக்கியம் அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இளம்பிள்ளைவாதத்தில் அவருடைய இடது கால் சூம்பிப் போயிருந்தது. வலது காலால் மட்டும் பெடலை மிதித்தே மற்ற நால்வரையும் முந்திவிடுவார். தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போக முடியாதவருக்கு எங்கள் கொட்டகை நாலு வீடு தள்ளி இருந்தது. "இங்க வந்த பொறவுதான்க்கா நானும் ஒரு மனுசின்னு ஆனேன்" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார்.

"டீ டைம்" ஆனால் முக்குக் கடை ரங்கசாமி அண்ணன் தூக்குவாளியோடு வருவார். எதிர்வீட்டு அம்மா மதியத்துக்குச் சோறு வடித்துக் கொடுத்தே தன் மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்தார். "அஞ்சு மிசின் ஓடுனா அம்பது வயிறு நெறையும் கண்ணு" என்பார் என் அம்மா. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நான் ஆறாவது படித்தபோது அந்தக் கம்பெனி பெருமாநல்லூரில் புதுக் கட்டடம் எழுப்பி, இனி எல்லாத் தையலும் உள்ளேயே என்று சொல்லி, வெளியே துணி கொடுப்பதை நிறுத்திவிட்டது. அப்பா கம்பெனி கம்பெனியாக அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். சில வாரங்களில் வீதிமுக்கில் காலை நேரத்தில் கம்பெனி வேன் வந்து நிற்கத் தொடங்கியது. ஏறத் தயங்கி நின்ற பெண்களை, "போங்க கண்ணுகளா, இங்க செவுத்தப் பாத்து உக்காந்திருந்தா சோறு வருமா?" என்று அம்மாதான் அனுப்பிவைத்தார்.

ஆரோக்கியம் அக்காவும் போய் நின்றார். வேனோடு வந்த சூப்பர்வைசர் அவருடைய காலைப் பார்த்தார். அம்மா ஓடிப்போய், "ஏனுங்க, அந்தப் புள்ளையோட தையலப் பாத்துப்போட்டுச் சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

"மூணாவது மாடிங்கக்கா, படி ஏறோணும். சரிப்பட்டு வராதுங்க." மரியாதையாகத்தான் சொன்னார். வேன் கிளம்பிவிட்டது.

நான்கு மிசின்களை விற்ற அம்மா, ஒன்றை மட்டும் அக்காவுக்காக நிறுத்திவைத்தார். பள்ளிச் சீருடை, கிழிந்த பாவாடை என்று எது வந்தாலும் தைப்பதாகச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் பகலில் வீதியில் ஆளே இல்லாதபோது யார் துணி கொண்டுவருவது? டீக்கடை மூடியது. பிறகு எதிர்வீட்டில் மதியச் சோற்றுக்கு உலை வைப்பதும் நின்றது.

எழுதக் கூசுகிறது, கொட்டகை காலியானதில் எனக்குச் சந்தோஷம். சத்தமில்லாமல் படிக்க ஓர் இடம் கிடைத்ததென்று, தைக்கத் துணியில்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்த அக்காவின் கண்ணெதிரிலேயே என் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினேன். அவர் நகர்ந்து இடம் விட்டார். "நல்லாப் படிக்கணும், என்னா?" என்றார்.

அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மிசினை எடுத்துப் போகச் சொன்ன அம்மாவிடம், "எங்கூருல தைக்கதுக்கு ஆளு நெறய இருக்காவக்கா, துணிதான் கெடையாது. இத வச்சி நான் என்ன செய்ய?" என்றார். பஸ் ஏற்றிவிட்டு வந்த அம்மா, சேலைகூட மாற்றாமல் கொட்டகையில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார்.

இன்று அந்த இடத்தில் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்ட வரிசை அறைகள் இருக்கின்றன. பகலெல்லாம் கதவுகளில் பூட்டு தொங்குகிறது. திருப்பூர் வளர்ந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. வீதியிலேயே வேலை செய்து வீதியிலேயே பசியாறிய ஒரு காலம்தான் இல்லாமல் போயிற்று. போன மாதம், ஆரோக்கியம் அக்காவைத் தேடிப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கண்டுபுடிச்சு என்னன்னு கண்ணு சொல்றது?" என்றார் அம்மா. "வேலை இருக்குது வான்னு சொல்லோணும். அது இல்லாம, வெறும் மூஞ்சியக் காட்டறதுக்கு எதுக்குப் போறது?"